சேற்றுக்குள்ளிருந்து வீட்டுக்குப் போனவர்

துறைமுகத்தில் அவரை ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் குக்கர் விசில் அடித்தால், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல எழுந்து ஓடுகிற மனிதர். அவருக்கு வாய்த்த வேலையோ, கடலடியில் மூழ்கி, கப்பல் அணையும் மேடையின் தூண்களுக்கு இரும்புப் பட்டை மாட்டுவது. அது அவருக்கு உயிர். நீருக்கடியில்தான் யாரும் அவரை “சீக்கிரம், சீக்கிரம்” என்று விரட்டுவதில்லை.

போன மாதம் தண்ணீர் கலங்கியதும், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய எடையைக் கழற்றி எறிந்துவிட்டு விருட்டென்று மேலே வந்துவிட்டார்.

“நுரையீரல் கிழிஞ்சிருக்கும்யா!” என்று மேற்பார்வையாளர் குதித்தார். “இன்னொரு தடவை இப்படி வந்தே, கரையில பெயின்ட் அடிக்கத்தான் போகணும்.”

அதனால் இன்று, கீழே இருப்பவர் பதறாமல் பேச்சுக் கொடுக்க மைக்கில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. படகில் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொள்வதும் அவர்தான்.

பட்டையின் கடைசி போல்ட்டை முறுக்கி முடித்த நேரம், பக்கத்தில் ஓர் இழுவைப் படகு கிளம்பியது. அடிச்சேறு மொத்தமும் எழுந்தது. தூண் போயிற்று, ஸ்பேனர் போயிற்று, கடைசியில் அவருடைய கையே காணாமல் போயிற்று.

“மாப்ளே! ஒண்ணும் தெரியல!”

“அசையாதீங்க மாமா. ஒரு கையால தூணைப் பிடிங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம். கதவைத் திறந்தாச்சா?”

பயம் வந்தால் மனசுக்குள் வீட்டைச் சுற்றி வருவது என்று இருவரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். படகிலிருந்த எல்லோருக்கும் ஒலிபெருக்கியில் இது கேட்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

“திறந்துட்டேன். செருப்பை ஓரமா விட்டாச்சு.”

“அக்கா என்ன பண்ணுது?”

“திட்டுறா.”

“அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு. மூச்சை மெதுவா விடுங்க. நாற்காலியில உட்காருங்க.”

நீளமாக ஒரு குமிழி வரிசை மேலே வந்தது.

“உட்கார முடியல மாப்ளே. இடுப்பை யாரோ இழுக்குறாங்க.”

“அக்காவா?”

“நெசமாவே இழுக்குதுடா!”

படகில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து விளிம்புக்கு வந்தார்கள். கீழே அவருக்கு, கத்தியை எடு, அறு, மேலே ஓடு என்று கை பரபரத்தது. ஆனால் அவர் மனசுக்குள் இருந்த நாற்காலியை விட்டு எழவில்லை. மூச்சை நீளமாக விட்டு, இடுப்பிலிருந்து விரல்களை ஊர விட்டார். கருவிப் பையின் கயிறு. அது எங்கே போகிறது? பட்டைக்கு அடியில். தூணோடு சேர்த்துத் தன்னையும் தானே இறுக்கி மாட்டியிருக்கிறார்.

“மாப்ளே, என்னையே கட்டிப்போட்டுட்டேன்.”

“ஒழுங்காத்தான் கட்டியிருக்கீங்களா?”

“ரொம்ப ஒழுங்கா.”

தடவித் தடவி ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, கயிற்றை உருவிக்கொண்டு, அங்கங்கே நின்று மெல்ல மேலே வந்தார். மேற்பார்வையாளர் பெயின்ட் பற்றிப் பேசவே இல்லை.

“பட்டை?”

“கீழே கிடக்கு சார்.”

“சேறு அடங்கினதும் இறங்கி மாட்டிட்டு வா. அவசரமே இல்ல.”

அவசரம் முகமூடியைத் துடைக்க ஆரம்பித்தார். இடுப்பிலிருந்து கருவிப் பையை அவிழ்த்து, “இது இங்கேயே இருக்கட்டும் மாப்ளே” என்று மச்சான் மடியில் வைத்தார்.