ரோசா, சாப்பிட வா!

அவித்த உருளைக்கிழங்கு வாசம்... லண்டன் ஹரோவில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டே வார இறுதி ஷிப்ட். மதியச் சாப்பாட்டு ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போனால், ஜன்னலோரத்தில் மிரியம் என்ற மூதாட்டி கரண்டியோடு தயாராக இருப்பார்.

"இன்னும் ரெண்டு வை பிள்ளை. சின்னனில மண்ணுக்குள்ள இதுகளோடதான் ஒளிச்சிருந்தனான். இப்ப பார், ஆர் ஆரைச் சாப்பிடுறது எண்டு!"

அவர் சொன்னது இங்கிலீஷில்தான். எனக்கு ஏனோ நம் தமிழில்தான் ஞாபகம்...

போலந்தில் ஒரு சின்னக் கிராமம். நாஜிப் படை பிடித்து வைத்திருந்த காலம். ஒரு காலையில் அங்கிருந்த யூதக் குடும்பங்களையெல்லாம் காட்டோரம் நடத்திக்கொண்டு போய்ச் சுட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கிழங்குக் குழிக்குள் இறக்கி மூடியதால் மிரியம் தப்பினார். தங்கச்சி ரோசா, அம்மாவின் கையை விடமாட்டேன் என்றாளாம்.

இறந்தவரின் பெயரைப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். ரோசாவின் பெயர் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. மகன், பேரன்கள்... எல்லாம் ஆண். கடைசியில் பேரனின் மனைவிக்கு ஸ்கானில் பெண் பிள்ளை என்று தெரிந்தது. ஆனால் அவள் தயங்கினாள். அப்படிச் செத்த குழந்தையின் பெயரா?

அவள் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு, இல்லத்தில் எங்கள் சீனியரான சாந்தி அக்கா படுக்கையை விரித்துக்கொண்டே சொன்னார்: "அவ சொல்லுறதும் சரிதானே மிரியம்? எங்கட ஆக்களும் வைக்கமாட்டினம். ஆகாது."

மிரியம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அங்க நினைவுக்கல்லில அவளின்ர பேர் இருக்கு. கல்லை ஆரும் சாப்பிடக் கூப்பிடுவினமோ? எனக்கு அவளின்ர பேரைச் சொல்லி ஆராவது ஏச வேணும். 'ரோசா, சப்பாத்தைக் கழட்டு! ரோசா, சாப்பிட வா!' சுட்டவங்கள் நிப்பாட்டினது அதைத்தானே?"

மறந்துபோன குடையை எடுக்க வந்த பேரன் மனைவி, வாசலிலேயே நின்றிருந்தாள். வயிற்றில் கை வைத்தபடி...

வசந்தத்தில் ஒரு ஞாயிறு, குடும்பமே திரண்டு வந்தது. குழந்தையை மிரியத்தின் மடியில் வைத்ததும் அது வீரிட்டது.

"ரோசா! கத்தாதை!"

சாப்பாட்டு ஹோல் முழுக்க அதிர்ந்தது. பிறகு எல்லோரும் சிரித்தோம். சாந்தி அக்கா மட்டும் அழுதார். மிரியம்? யுத்தத்தையே வென்றவர் போல நிமிர்ந்திருந்தார்.

எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தாள். கயல். யுத்தத்தில், வன்னியில் செல் குண்டு விழுந்தபோது பங்கர் குழிக்குள் வர அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

என் மகள் பிறந்தபோது அம்மா கெஞ்சினார். "வேண்டாம் பிள்ளை, வேற பேர் வை." நானோ பிள்ளை தும்மினாலே தேர்மோமீட்டர் தேடுகிறவள். ஆனாலும் அந்தப் பெயரையே வைத்தேன்.

மிரியம் இப்போது இல்லை. ரோசா பள்ளிக்கூடம் போகிறாள்.

அப்போது எங்கள் வீட்டில் வாய்க்குள்ளேயே செத்துக்கிடந்த பெயர்... இப்போது அம்மா தினமும் வாசலில் நின்று கத்துகிறார், தெரு முழுக்கக் கேட்கும்படி:

"கயல்! சப்பாத்து இல்லாமல் எங்கயடி ஓடுறாய்? வா, சாப்பிட!"