பத்தாவதாக இறங்கியவர்

வட்டாரக் கிரிக்கெட் சங்கத்தின் அலுவலகம் மைதானத்துக் காலரிப் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. வெளியே படிகள் இறங்கும் சாய்விலேயே உள்ளே கூரையும் சாய்ந்திருக்கும். வாசலில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். நான்கு எட்டு வைத்தால் குனிய வேண்டும். செயலாளரின் மேசைக்குப் போவதற்குள் பாதி ஆளாகிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தலையை இடித்துக்கொள்வார்கள். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பார். அது கேட்ட பிறகு, "பாத்து வாங்க, இடிக்கும்" என்பார். தலைவர் வரும்போது மட்டும் எழுந்து ஓடிப்போய்க் கூரையின் விளிம்பில் தன் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். பத்தொன்பது வருடமாகத் தலைவரின் வழுக்கை அந்த உள்ளங்கையில்தான் இடித்துக்கொண்டிருந்தது.

செயலாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. மைதானத்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பன்னெண்டு. இளவயதில் எட்டு வருடம் ஒரே கிளப்பில் பன்னிரண்டாம் ஆளாக இருந்தார். பதினோரு பேரில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை, யாரும் வெளியூர் போகவில்லை. எட்டு வருடமும் தண்ணீர்தான் கொண்டு ஓடினார். பிறகு அவருக்கு வேலை கிடைத்தது குடிநீர் வாரியத்தில், ரெக்கார்டு கிளார்க்காக. அன்றிலிருந்து, "பன்னெண்டுக்கு ஆபீஸ்லயும் தண்ணி, கிரவுண்டுலயும் தண்ணி" என்று யாராவது ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்வார்கள். அவரும் முதல்முறை கேட்டதுபோல் சிரிப்பார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பருவத்தின் கடைசி ஞாயிறு அன்று முதல் டிவிஷன் கிளப்புகளின் பதினோரு கேப்டன்களும் ஓர் அணி, சங்க நிர்வாகிகள் ஓர் அணி என்று ஆட்டம் நடக்கும். நிர்வாகிகள் பட்டியலை எழுதுவது செயலாளரின் வேலை. ஒவ்வொரு வருடமும் பதினொன்றாவது பெயராகத் தன் பெயரை எழுதுவார். ஒவ்வொரு வருடமும் தலைவருக்கு வேண்டிய ஒருவர் காலையில் ஷூவோடு வந்து நிற்பார். செயலாளர் தன் பெயரை அடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டில்களை எண்ண ஆரம்பிப்பார். ஐம்பத்துநான்கு வயதாகியும் ஸ்கோர் புத்தகத்தின் பேட்டிங் பக்கத்தில் அவர் பெயர் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

அந்த வருடம் பருவம் தொடங்குவதற்கு முன், டைல்ஸ் கடை வைத்திருந்த தலைவர் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளங்கையில் தலையை இடித்துக்கொண்டார். உட்கார்ந்தார்.

"இந்த வருஷம் பதினாலே வாரம்தான். அதுக்கப்புறம் கிரவுண்ட பொருட்காட்சிக்குக் கொடுக்குறாங்க. அதுக்குள்ள எல்லா மேட்சையும் முடிக்கணும்."

"கஷ்டம் தலைவரே."

"முடிச்சுக் கொடு. கடைசி ஞாயிறு நீ ஆடுற. நாலாவதா எறங்குற. நான் சொல்றேன், எவன் வந்தாலும் சரி."

செயலாளர் மேசையில் கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் எடுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை. ஒரே மைதானத்தில் காலை ஒன்று, மதியம் ஒன்று என்று ஆட்டங்களை அடுக்கினார். மழை பெய்த வாரத்தில் ரோலரைத் தானே இழுத்தார். அம்பயர் வராத இடத்துக்கு வேறு அம்பயரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அனுப்பினார். பல்வலி என்று சொன்னவரிடம், "அவுட் குடுக்க விரல் போதும், பல்லு எதுக்கு?" என்றார். ஆட்டம் இழுபடாமல் இருக்க எல்லாக் கிளப்புக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஒரு விக்கெட் விழுந்தால் அடுத்தவர் மூன்று நிமிடத்துக்குள் ஆடத் தயாராக நிற்க வேண்டும். தவறினால், எதிரணி கேட்டால், அவுட். விதி புத்தகத்தில் எப்போதும் இருந்ததுதான். அதுவரை யாரும் கடிகாரம் பார்த்ததில்லை.

பதினோராவது வாரம் தலைவரின் கிளப்புக்கும் தையல்காரரின் கிளப்புக்கும் ஆட்டம். தையல்காரர் தெருமுனையில் சின்னக் கடை வைத்திருந்தவர், கிளப்பை ஆரம்பித்தவர், அதன் கேப்டன், கடைசியாக இறங்குபவர். தலைவரின் கிளப் ஜெயித்தால் சுழற்கோப்பை அவர்களுக்கு. தையல்காரரின் கிளப் தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஒன்பது விக்கெட் போயிருந்தது. நான்கு ரன் வேண்டும். தையல்காரர் எழுந்த நேரம் பார்த்துக் காலில் கட்டியிருந்த பேடின் வார் அறுந்தது. அவர் சட்டைக் காலரில் எப்போதும் ஓர் ஊசி குத்தி வைத்திருப்பார். அங்கேயே உட்கார்ந்து வாரைத் தைத்துக்கொண்டு ஓடினார். அதற்குள் எதிரணியில் ஒருவன் கையைத் தூக்கிக் கேட்டுவிட்டான்.

அம்பயராக நின்றவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். அவர் செயலாளரைக் கூப்பிட்டார். எதிரணி கேப்டனோ, "வார் அறுந்தா அவர் என்ன பண்ணுவாரு மாஸ்டர்? அப்பீல வாபஸ் வாங்கிக்கிறேன், ஆடட்டும்" என்றான்.

அப்படி வாபஸ் வாங்கலாம் என்று விதி புத்தகத்தில் இருந்தது. செயலாளரே சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில்தான் அவர் விரல் இருந்தது. காலரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைவர் தொண்டையைச் செருமினார். ஒரே ஒரு செருமல்.

செயலாளர் புத்தகத்தை மூடினார். "கேட்டது கேட்டதுதான். வாபஸ் கெடையாது. அவுட்."

"அண்ணே," என்றார் தையல்காரர், "ஊசியில நூல் கோக்குற நேரம்ணே."

"மூணு நிமிஷம் நாப்பது செகண்ட்."

தையல்காரர் தான் தைத்த வாரைக் குனிந்து பார்த்தார். நன்றாகத்தான் தைத்திருந்தார்.

கடைசி ஞாயிறுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது செயலாளருக்கு ஒரு சங்கடம் வந்தது. அவரிடம் வெள்ளைக் கால்சட்டை இல்லை. வீட்டில் மனைவி, மடித்த குடையைப் பிடித்துக்கொண்டு அவர் கூடத்தில் பேட்டிங் பழகுவதைப் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடை கெட்டுப்போகும், வெச்சிருங்க. மழைக்காவது ஆகும்."

"நாலாவது எறங்குறேன். தெரியுமில்ல?"

"தெரியும். பக்கத்து வீட்டுக்கும் தெரியும். எதிர்வீட்டு நாய்க்கும் தெரியும்." பிறகு அவளே, "கால்சட்டை தைக்கக் கொடுங்க. கடையில வாங்குனா உங்க தொந்திக்கு நிக்காது. அன்னைக்கு நானும் வர்றேன்" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் மைதானத்துக்கு வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல்முறை.

கிரிக்கெட் கால்சட்டையை ஒழுங்காகத் தைக்க அந்த வட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார். செயலாளர் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு டீ குடித்து முடித்த பிறகுதான் உள்ளே போனார். தையல்காரர் மெஷினிலிருந்து காலை எடுத்தார். ஒன்றும் கேட்காமல் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"நிமிந்து நில்லுங்கண்ணே. இங்க கூரை இடிக்காது."

இடுப்பை அளந்தார். தொடையை அளந்தார். எண்களைச் சாக்பீஸால் மேசையில் எழுதினார்.

"எத்தனாவது எறங்குறீங்க?"

"நாலாவது."

"நல்ல எடம்." முழங்காலுக்குக் குனிந்தபடி, "ஓடுறதுக்குத் தோதா தைக்கட்டுமா, நிக்கிறதுக்குத் தோதா தைக்கட்டுமா?" என்றார்.

"ஓடுறதுக்கு. ரன் எடுக்கணும்ல."

"சரிண்ணே."

"அன்னைக்கு நடந்தது…" என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க" என்றார் தையல்காரர்.

கால்சட்டை அளவெடுத்த மாதிரி இல்லை, அவரோடு பிறந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தவர் மடிப்பு கலைந்துவிடும் என்று ஒன்பது மணிவரை உட்காரவேயில்லை.

ஒன்பதரைக்குத் தலைவர் மூன்று விருந்தாளிகளோடு வந்தார். "யோவ் பன்னெண்டு, இவரு இன்ஜினீயர். காலேஜ்ல ஆடுனவரு. நாலாவது எறங்கட்டும், நீ ஏழாவது போ." செயலாளர் திருத்தினார். பத்து மணிக்கு இன்னும் இரண்டு பேர். "ஏழுல என்ன, பத்துல என்ன? எறங்குறதுதானே முக்கியம்." அதையும் திருத்தினார். பதினொன்றாவது தலைவரின் மச்சான். அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்குக் கீழே போக இடமில்லை. மனைவி காலரியில் மூன்றாவது படியில் உட்கார்ந்து நாலாவது ஆள் இறங்கும்போதும் ஏழாவது ஆள் இறங்கும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தாள்.

எட்டாவது விக்கெட் விழுந்தபோது மணி இரண்டு இருபது.

செயலாளர் எழுந்தார். பேட் கட்டியிருந்தார், கையுறை போட்டிருந்தார், ஹெல்மெட் வாரை மூன்று முறை சரிபார்த்திருந்தார். எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்கு முன் ஸ்கோரர் மேசை இருந்தது. பத்தொன்பது வருடமாக அந்த மேசையைப் பார்க்காமல் அவர் கடந்ததில்லை. எட்டிப் பார்த்தார். பத்தாவது வரிசையில் ஸ்கோரர் பெண் 'பன்னெண்டு' என்று எழுதியிருந்தாள்.

"என்னம்மா இது?"

"எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க அங்கிள். உங்க பேர் என்ன?"

சொன்னார். அவள் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். அவர் நகரவில்லை. ஸ்கோர் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் செயலாளர் சிறு கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் அவர் கொண்டுவந்த முறைதான். இடது கையுறையைக் கழற்றினார். வலது கையுறையைக் கழற்றினார். பேனா எழுதவில்லை. உதறினார். கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். ஒரு நொடி தள்ளி நின்று, அந்தப் பக்கத்தில் தன் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்.

பிறகு கையுறைகளை மாட்டிக்கொண்டு புல்லில் கால் வைத்தார். பாதி தூரம் போயிருப்பார்.

அன்று கேப்டன்கள் அணிக்குக் கேப்டனாக ஸ்லிப்பில் நின்றிருந்த தையல்காரர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார். "மாஸ்டர். கேக்குறேன்."

"என்னப்பா இது, ஜாலி மேட்ச்" என்றார் மாஸ்டர்.

"அவரையே கேளுங்க."

செயலாளர் அப்படியே நின்றார். தலைவர் காலரி நிழலிலிருந்து இன்ஜினீயரிடம் சத்தமாக, "நம்மாளே போட்ட ரூல் சார்!" என்றார். சிரிப்பில் நாற்காலிகள் குலுங்கின.

தையல்காரர் நடந்து பக்கத்தில் வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "அண்ணே, நான் வாபஸ் வாங்கிக்கிறேன். அதுக்கு ரூல் உண்டுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'அன்னைக்கு நான் சொன்னது தப்பு'ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டுப் போய் ஆடுங்க. நானே மொத பால மெதுவா போடச் சொல்றேன்."

இருபத்திரண்டு கெஜத்தில் பாய் விரிப்பு வெயிலில் பழுப்பாகக் கிடந்தது. மூன்று குச்சிகள் நின்றன. பேட்டை ஊன்றிக் கார்டு எடுக்க வேண்டிய இடம் அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. சொன்னால் நான்கு வார்த்தை. சொன்னால் சுழற்கோப்பை யாருக்கு என்ற கேள்வி வரும். எதற்காக அன்றைக்கு அப்படிச் சொன்னார் என்ற கேள்வி வரும். அவர் நிழல் பக்கம் பார்த்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மணி என்ன மாஸ்டர்?" என்றார் செயலாளர்.

"கேட்டப்பவே மூணே கால் நிமிஷம் ஆச்சு."

"அப்ப அவுட்."

"வாபஸ் வாங்கலாமேய்யா?"

"வாபஸ் கெடையாது" என்றார் செயலாளர்.

தையல்காரர் சிரிக்கவில்லை. ஸ்லிப்புக்குத் திரும்பிப் போனார்.

செயலாளர் திரும்பி நடந்தபோது கைதட்டல் எழுந்தது. சதம் அடித்தவருக்குத் தட்டுவதுபோல் எழுந்து நின்று தட்டினார்கள். மனைவி எங்கே என்று அவர் பார்க்கவில்லை. ஸ்கோரர் பெண்ணுக்கு இந்த அவுட்டை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவரே பேனாவை வாங்கி எழுதினார். பந்து பூஜ்யம். ரன் பூஜ்யம். இந்த முறை அடித்தல் திருத்தல் இல்லை.

மச்சான் நொண்டியபடி உள்ளே போய் நான்கு பந்து தடுத்தார். ஐந்தாவது பந்து முட்டியில் பட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"யோவ் பன்னெண்டு!" தலைவரின் குரல். "தண்ணி கொண்டு ஓடுய்யா!"

காலில் பேட் கட்டியிருந்தது. அவிழ்க்க நேரமில்லை. இரண்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினார். பேட்கள் ஒன்றோடொன்று மோதி டப்டப் என்றன. கால்சட்டை எங்கேயும் பிடிக்கவில்லை. ஓடுவதற்குத் தோதாகத்தான் தைத்திருந்தது.