அம்மாவின் ரத்த அழுத்தம் இறங்கிய பிற்பகல்

எங்கள் அப்பாவை நினைத்து இன்று வந்து கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரில் மகள் எழுதுவது.

அப்பா பிறந்தது முத்தாண்டிக்குப்பம். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டே படித்தவர். அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளியாகச் சேர்ந்து, பல ஆண்டு காத்திருந்து பர்மனென்ட் ஆனார். அங்கே பாய்லர் பிரிவில் அழுத்தமும் வெப்பமும் காட்டும் மீட்டர்களைக் கண்காணிப்பது அவர் பணி. கோபக்காரர்தான், மறைப்பானேன்! குழம்பில் உப்பு கூடினாலும் குதிப்பார். ஆனால் அடுத்தவருக்கு ஒன்று என்றால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடுவார்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் அதிகம். அதற்காக ஒரு பிபி மெஷின் வாங்கிய அப்பா, எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கையே படுத்தி எடுத்தார். காபி குடித்த கையோடு பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும். "நூத்தியிருபது எம்பதுன்றது பொதுக் கணக்கு. அவங்கவங்களுக்கு வழக்கமா என்னா இருக்கும்னு தெரிஞ்சி வச்சிக்கணும்" என்பார்.

அன்று முதல் ஷிஃப்ட் முடித்து அவர் வந்தபோது, அம்மா வியர்த்து வெளிறிப் படுத்திருந்தார். மெஷினைக் கட்டினார். மேல் அழுத்தம் தொண்ணூறு, நாடி நூற்றிருபது.

எதிர் குவார்ட்டர்ஸ் அத்தை எட்டிப் பார்த்து, "எப்பவும் ஹையாத்தான இருக்கும்? எறங்கினா நல்லதுதானங்கண்ணா?" என்றார்.

அப்பா மெஷினைத் தட்டினார். "மீட்டரு பொய் சொல்லுது." தொழில் புத்தி! அவர்கள் பிரிவில் அளவு தாறுமாறானால் முதல் சந்தேகம் மீட்டர் மேல்தான். தன் கையில் கட்டிப் பார்த்தார், சரியாக இருந்தது. என் கையிலும் சரியாக இருந்தது. மறுபடி அம்மா கையில் கட்டினார். அதே தொண்ணூறு. அவர் முகம் செத்துப்போனது.

"பம்பு வேகமா ஓடிகினு இருக்குது, பிரஷர் எறங்குது. அப்ப எங்கியோ லீக்குதான். ஆம்புலன்சக் கூப்புடு பாப்பா!"

"வெளிய ஒரு சொட்டு ரத்தங்கூட காணுமேப்பா?"

"உள்ள போவுதோ என்னமோ! கூப்புடுன்னா கூப்புடு!"

உள்ளேதான் போயிருந்தது. முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகள் அம்மாவின் வயிற்றைப் புண்ணாக்கியிருந்தன. மலம் கறுத்துப் போனதை வெட்கப்பட்டுச் சொல்லாமலே இருந்திருக்கிறார். ரத்தம் ஏற்றி, புண்ணுக்கு மருத்துவம் செய்து பிழைக்கவைத்தார்கள். "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க" என்றார் டாக்டரம்மா.

ரத்தம் குறையக் குறைய இதயம் விரைந்து அடித்ததையும், உடம்பு கைகால்களைக் குளிரவிட்டு, இருந்த ரத்தத்தை மூளைக்குக் காப்பாற்றிக் கொடுத்ததையும் அவர் விளக்கினார். அப்பா வாய்பிளந்து கேட்டார். "கன்ட்ரோல் ரூமுல அத்தினி பேரு சேந்து பண்ற வேலைய, இவ கண்ண மூடிப் படுத்துகினே பண்ணியிருக்காளே! பொறந்ததுலேருந்து ஒரு நாளு ஷட்டவுன் இல்லியே!" அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டே இருந்தார். சாமி சந்நிதியில்கூட அவர் முகத்தில் அப்படியொரு பக்தியை நான் கண்டதில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நுரையீரலில் தொற்று. மூச்சு வேகமெடுத்ததையும், விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் இறங்குவதையும் அவரே பார்த்து, "கெளம்பலாம்" என்றார். உடனே போனோம். மருத்துவர்களும் செவிலியர்களும் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாம் எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றுதான் கருவி சொல்லும். ஓடியவர் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று சொல்லாது.

அன்று அம்மாவுக்கு ரத்தம் கொடுக்க ஷிஃப்ட் முடித்த அழுக்குச் சட்டையோடு வந்து வரிசையில் நின்ற அப்பாவின் தோழர்களுக்கும், கடைசி நாட்களில் சோறு பொங்கி அனுப்பிய அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"எல்லாத்தியும் எழுதின. ஆம்புலன்சுல என் காலப் புடிச்சிகினு, 'என்ன வுட்டுட்டுப் போயிடாதடி'ன்னு கொழந்த மாதிரி அழுதாரே, அத எழுதலியே?" என்றார்.

நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தெரியாது. இப்போது எழுதிவிட்டேன், அம்மா.