குருசுக்குப்பம் கடலில் ஒன்பது பிள்ளைகளும் ஓர் ஆக்‌ஷன் பாட்டும்

சர்ச்சில் உறுதிபூசுதல் சடங்கு முடிந்தால் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் கடலுக்குக் கூட்டிப் போகிறோம் என்று வாயை விட்டது ஸ்டெல்லா. மாட்டிக்கொண்டது நான். விழுப்புரத்தில் எங்கள் பங்குக் கோயில் இளைஞர் குழு சார்பில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்கள் நாங்கள் இருவரும். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒன்பது பிள்ளைகள். 2007 மே விடுமுறையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் பங்கிலும் யாராவது இப்படி வாயை விட்டிருந்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ், ஆளுக்குப் பதினான்கு ரூபாய். நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் மீனவர் குப்பம் குருசுக்குப்பம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அங்கே போக மூன்று ஆட்டோ, ஒவ்வொன்றும் ஐம்பது. எண்பதில் ஆரம்பித்தார்கள், ஸ்டெல்லாவிடம் பேசி ஜெயிக்க முடியுமா? வழியெல்லாம் பிள்ளைகள் பிரெஞ்சுத் தெருப் பெயர்களைத் தப்புத் தப்பாக வாசித்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. "ஒரே பொண்ணு தம்பி, பாத்துக்கோ" என்று பிள்ளைகளில் ஒருத்தியான ரோஸியின் அப்பா கிளம்பும்போது சொன்னது வேறு காதிலேயே இருந்தது.

ஸ்டெல்லா அப்பாவுக்குத் தெரிந்த ஏழுமலை அண்ணனின் ஃபைபர் படகு. ஒரு சுற்றுக்கு முன்னூறு ரூபாய். கரையில் கொட்டியிருந்த பாறைகளுக்கு நடுவே இருந்த சின்ன மணல் திட்டில் படகு நின்றது.

"லைஃப் ஜாக்கெட் இருக்காண்ணே?"

"தோ, இங்க போய்ட்டு வரப்போறோம். அதெல்லாம் எதுக்குபா?"

நானும் ஏறினேன். கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் இருக்கும், இன்ஜின் நின்றது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பித் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒருவன் வாந்தி எடுத்தான். ரோஸி "அம்மா" என்று ஆரம்பித்தாள். அடுத்த நொடி ஒன்பதும் அழுதன. ஏழுமலை அண்ணன் இன்ஜின் மேல் குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் குழுவில் அழுகிற பிள்ளைக்கு ஒரே மருந்து ஆக்‌ஷன் பாட்டுதான். நல்லெண்ணத்தில்தான் ஸ்டெல்லா பாட ஆரம்பித்தாள். அழுகை நின்றது, ஒவ்வொருவராகச் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டில் இரண்டாவது அடி வந்தால் எழுந்து, எல்லாரும் இடப்பக்கம் சாய்ந்து கை தட்ட வேண்டும். மூன்று மாதமாக நாங்கள்தானே பழக்கினோம்! எழுந்தார்கள். சாய்ந்தார்கள்.

படகும் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்து என் முழங்கால் வரை நனைத்தது.

"டேய், ஒக்காருங்கடா! கவுந்துடும்டா!" ஏழுமலை அண்ணன் கத்தினார். நானும் கத்தினேன். பயந்துபோன பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரே பக்கமாக நெருங்கினார்கள். அவ்வளவுதான், போனோம் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"முழந்தாள் படியிடுவோம்!"

சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. சாகும் முன் கடைசியாக ஜெபம் சொல்ல வாயைத் திறந்தேன், கோயிலில் எல்லாரையும் முட்டி போட வைக்கச் சொல்வது வந்துவிட்டது. ஒன்பது பேரும் நின்ற இடத்திலேயே மடங்கி முட்டி போட்டார்கள். கொஞ்சம் ஆடிவிட்டுப் படகு நிமிர்ந்தது.

கழன்றிருந்த எண்ணெய்க் குழாயைச் சொருகி ஏழுமலை அண்ணன் இன்ஜினைக் கிளப்பினார். கரை வரைக்கும் ஒருவரும் அசையவில்லை. மணல் தட்டிய பிறகும் முட்டி போட்டபடியே என் முகத்தைப் பார்த்தார்கள். எழுந்திருங்கள் என்று சொல்ல வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

"என்னா மந்திரம்பா அது?" என்றார் ஏழுமலை அண்ணன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீர்கள். தெரிந்தவர் படகாக இருந்தாலும் சரி. காற்று ஏறுவதற்குள், காலையிலேயே போய் வந்துவிடுங்கள். படகில் பாட்டு வேண்டவே வேண்டாம். ஏதாவது நடந்தால், பிள்ளைகள் சொல்வதற்கு முன்னால் பெற்றோரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நாங்கள் அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். ரோஸியின் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். ரோஸி வரவில்லை. பிள்ளைகளை அனுப்பாதவர்கள் மேல் ஸ்டெல்லாவுக்குக் கோபம். எனக்கு இல்லை, என் பிள்ளையாக இருந்தால் நானும் அனுப்பியிருக்க மாட்டேன்.