ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர்

டிஸ்பென்சரியில் நோயாளிக்கு நம்பர் வெட்டுகிறவளுக்கு வருத்தம் வரக்கூடாது. வருத்தம் என்றால் எங்கட ஊரில் நோய். வந்தாலும் அவளுடைய விபரத்தைத் தேடி எடுக்க ஆளில்லை. பழைய கொம்பியூட்டரோடு மாரடிக்கிற என் இனத்தவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

கல்முனையில் எங்கள் டிஸ்பென்சரிக்குப் பதிவு முறையைச் செய்து தந்தவர் டொக்டரின் மச்சினன். செய்துவிட்டு அவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார், நான் மாட்டிக்கொண்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர், அதற்குள் வீட்டிலுள்ளவர்களின் பெயர்கள். அந்த நேரம் வந்துபோன கொஞ்ச ஆட்களுக்கு அது போதும். இப்போது சம்மாந்துறை, நாவிதன்வெளி ஆட்களும் இங்கேதான்.

கொஞ்சம் பொறுங்க

மருந்து கொடுக்கிற நசீர் நானா தன் பக்கத்தில் பதிவைத் திறந்தால் என் பக்கத்தில் திறக்காது. "நானா, மூடுங்க!" என்று நான் கத்துவேன். "பொறு புள்ள!" என்று அவர் கத்துவார். நாள் முழுக்க இதுதான் எங்கட கதை. தொண்டை நோவுக்கு மருந்தெடுக்க வந்த ஒரு மனிசன் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு அவசரமில்ல, முதல்ல நீங்க ரெண்டு பேரும் தொண்டையக் காட்டுங்க."

ஏழாவது ஆள்

மச்சினன் ஒரு வீட்டுக்கு ஆறு பேருக்குத்தான் இடம் வைத்திருந்தார். எங்கட ஊரில் ஆறு பேரோடு யார் நிற்பாட்டினார்கள்? சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிற ஒருவரின் கடைக்குட்டிக்கு இடமில்லாமல், பக்கத்து வளவில் இருக்கிற சாச்சியின், அதாவது தாயின் தங்கச்சியின், நம்பரில் பதிந்தேன். அடுத்த முறை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்த தாய் திரையை எட்டிப் பார்த்துவிட்டாள். "பெத்த நான் இரிக்கக்குள்ள என்ட புள்ளைய எங்கட தங்கச்சிக்கு எழுதிக் குடுக்க ஒனக்கு ஆரு செல்லின?"

மாற்றுவதா, விடுவதா

புது முறை செய்து தர ஒரு சொப்ட்வெயார் தம்பி வந்தார். வீட்டுக்கு நம்பர் வேண்டாம், ஆளுக்கு ஒரு நம்பர். ஆள் எந்த வீட்டுக்குப் போனாலும் விபரம் கூடவே போகும் என்றார். டொக்டருக்கு மனம் வரவில்லை. பழைய விபரம் அழிந்தால் என்ன செய்வது என்று பயம். எனக்கோ வேறு பயம். பழையதில் எல்லாம் குளறுபடியாய்க் கிடப்பதால் ஒவ்வொரு ஆளையும் கேட்டுக்கேட்டுத் திரும்பத் தட்டவேண்டும். தட்டப்போவது யார்? அதனால் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டொக்டர் தம்பிக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்: "ஓடுதுதானே தம்பி, ஓடுமட்டும் ஓடட்டும்."

புது மாப்பிள்ளை

கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவதுதானே எங்கட வழக்கம். அப்படிப் போன ஒருவர், நெருப்பாய்க் காயும் காய்ச்சலோடு மனைவியுடன் வந்தார். பெண்வீட்டு நம்பரில் அவரைப் புதிதாய்ச் சேர்த்தேன். ஒத்துக்கொள்ளாத மருந்து எழுதும் இடம் வெறுமை. டொக்டர் கேட்டதற்கு மாப்பிள்ளையும், "அப்படி ஒண்டுமில்ல" என்றார். மனைவிக்கும் தெரியவில்லை. பென்சிலின் ஊசி எழுதப்பட்டது. நர்ஸ் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் வாசலில் ஒரு த்ரீவீல் நின்றது. மகனுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு அவருடைய உம்மா ஓடிவந்திருந்தார். "ஊசி போட்டிராதீங்க! சின்னனில பென்சிலின் போட்டு மௌத்தாகப் பாத்த புள்ள, உசிரு தப்பினதே பெரிசு!" நர்ஸ் கையை எடுத்துவிட்டாள். தாய்வீட்டு நம்பரைத் திறந்தேன். அவருடைய பெயருக்கு நேரே, டொக்டரே சொல்லி நான் தட்டியது, சிவப்பில் கிடந்தது: பென்சிலின் கூடாது. அல்லாஹ்வே, இவ்வளவு காலமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் பார்த்தது வேறு வீட்டை.

டொக்டர் வேறு மருந்து எழுதினார். பிறகு தானே சொப்ட்வெயார் தம்பிக்கு போன் எடுத்தார். அந்த உம்மா மட்டும் என் மேசையை விட்டுப் போகவில்லை. திரையைக் காட்டிக் கேட்டார்: "மகனத்தானே மாமிர வீட்டுக்குக் குடுத்தநான், அவன்ட வருத்தத்த என்னத்துக்குப் புள்ள எங்கட வீட்டுல வெச்சிரிக்கீங்க?"

ஆகமொத்தம், புது முறைக்குச் சம்மதிக்க டொக்டருக்கு ஒரு உம்மாவின் சத்தம் போதுமாயிருந்தது. ஊர் முழுவதையும் ஆள் ஆளாய்த் தட்டி முடிக்க எனக்குத்தான் ஹயாத்து, இந்த ஆயுசு, காணுமோ தெரியாது.