ஷமீமுக்குப் போன கம்பஞ்சோறு

டிபன் பாக்ஸைத் திறந்ததும் பச்சைச் சின்ன வெங்காய வாசனை லேப் முழுக்கப் பரவிவிடும். ஸ்பிரிட் நெடி, பினாயில் நெடி எல்லாவற்றையும் தாண்டி அது மட்டும் நிற்கும்...

பெரம்பலூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப். படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. குன்னம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வருவேன். அம்மா பருத்தி எடுக்கப் போகிறவள். காட்டுக்குக் கிளம்பும் முன்பே எனக்குக் கட்டி வைத்துவிடுவாள். கம்பஞ்சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், ஓரமாக உரித்த வெங்காயம் நாலைந்து.

எனக்கு வெட்கம். வெள்ளை கோட் போட்டுக்கொண்டு கம்பஞ்சோறு தின்பதா என்று ஒரு திமிர். இருபத்திரண்டு வயதில் வேறென்ன இருக்கும்.

என்னோடு வேலை பார்த்தவள் ஷமீம், லப்பைக்குடிக்காட்டுப் பெண். அத்தா துபாயில், அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் காலையில் அவளே நாலு ப்ரெட்டில் ஜாம் தடவி எடுத்து வந்துவிடுவாள். ஒரு நாள் என் பாக்ஸை எட்டிப் பார்த்தாள்.

"ஏய், கம்பஞ்சோறாடி? எனக்குக் குடுடி... இந்த ஜாமைத் தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு."

அன்றைக்கு மாற்றியதுதான். ஒன்றரை வருடம் மாற்றிக்கொண்டே இருந்தோம். அவளுக்கு என் சோறு, எனக்கு அவள் ப்ரெட், கூடவே எதிர்க்கடை டீ. சாயங்காலம் பாக்ஸைக் குழாயில் கழுவி எடுத்துப் போவேன்.

"சாப்டியாடி?"

"சாப்டேன்மா."

அது ஒரு பொய் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

அப்புறம் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகிற ஓட்டையில்... அம்மா பார்த்துவிட்டாள். தான் கொடுக்கிற சாப்பாட்டில் சத்துப் போதவில்லை என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். பாக்ஸில் ஒவ்வொன்றாகக் கூட ஆரம்பித்தது. கறிவேப்பிலைத் துவையல், வறுத்த வேர்க்கடலை, வெல்லம் போட்டு இடித்த எள்ளுருண்டை. கோழி முட்டையை விற்பதை நிறுத்திவிட்டு தினமும் ஒன்று அவித்து வைத்தாள். அவள் ஒரு முட்டை தின்று நான் பார்த்ததே இல்லை.

எல்லாம் ஷமீமுக்குப் போனது.

அந்தச் சமயத்தில்தான் லேபுக்குப் புது மெஷின் வந்தது. புது மெஷின் வந்தால் முதலில் எங்கள் ரத்தத்தைத்தான் ஓட்டிப் பார்ப்போம். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு ஏழரை என்று காட்டியது. லேப் நடத்திய சாருக்கு முகமே மாறிவிட்டது.

"மெஷின் தப்பாக் காட்டுதும்மா. ஏழரை இருந்தா நீ எப்படி இம்புட்டு வேலை பாப்ப?" என்று சர்வீஸ்காரருக்கு போன் போட்டுக்கொண்டே, "ஷமீம், உன்னோடதையும் ஓட்டு" என்றார்.

அவளுக்குப் பதிமூன்று.

பழைய மெஷினிலும் போட்டோம். அதே ஏழரை, அதே பதிமூன்று. மெஷின் ஒழுங்காகத்தான் இருந்தது.

"யா அல்லா... உன் ரத்தத்தையில்லடி நான் தின்னுட்டு இருந்திருக்கேன்" என்று ஷமீம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். வெட்ட வெட்ட முடி வளருதுடி என்று அவள் அலுத்துக்கொள்வது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு பாக்ஸ் சோற்றிலேயே எல்லாம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். காலையில் நான் வெறும் வயிறு, ராத்திரி பேருக்கு ரெண்டு இட்லி. சத்து என்று இருந்தது அந்த மதியச் சோறுதான், அதையும் கொடுத்துவிட்டேன். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கொஞ்சநஞ்ச இரும்புச் சத்தும் உடம்பில் சேராது. அதைப் படித்துப் பாஸ் செய்தவளும் நான்தான்.

வீட்டில் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் சொன்னேன்.

"இம்புட்டு கட்டிக் குடுத்தும் ஒடம்புல ஒட்டலையே... என் கை ராசி அப்படி" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாக்ஸ் யாருக்குப் போனது என்று அப்போதும் சொல்லவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாக்ஸையும் நானே சாப்பிட ஆரம்பித்தேன். ஆறேழு மாதத்தில் முடி கொட்டுவது நின்றது. ஆனால் அம்மா அதற்குப் பிறகு தன் சமையலை நம்பவே இல்லை. "மாத்திரைதான் உன்னைக் காப்பாத்துச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசும்.

இப்போது அரியலூரில் வேறொரு லேபில் இருக்கிறேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். தினமும் ஒரு பெண்ணாவது வந்து, "அக்கா, முடி ரொம்பக் கொட்டுது, என்ன டெஸ்ட் எடுக்கணும்?" என்று கேட்கிறாள். கைப்பையில் மிட்டாய் மாதிரி ஏதோ சத்து மாத்திரை, பார்சலில் வரவழைத்த விதைக் கலவை எல்லாம் இருக்கும். மதியம் என்ன சாப்பிட்டாய் என்றால் சிரிப்பாள். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. நான் மட்டும் என்னவாம்... இன்றைக்கு மதியம் ரெண்டு பிஸ்கட், அதுவும் நின்றுகொண்டே. அப்போது சோறு இருந்தது, தின்ன மனசு வரவில்லை. இப்போது ஆசை இருக்கிறது, உட்காரத் தெம்பும் நேரமும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கையில் ஒரு குறையும் இல்லை, உன் சோற்றைத் தின்றவளுக்குப் பதிமூன்று இருந்தது என்றேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. திட்டுவாள் என்று பார்த்தேன்.

"ஒன்றரை வருசமாவா?"

"ஆமாம்மா."

மறுபடியும் கீரையை உருவ ஆரம்பித்தாள்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டியிருப்பனேடி..."