மே மாதத்தில் பனிச்சறுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் பக்கம் போலாரத்தில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை. கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு.

அப்படி நான் என்ன சொல்லிவிட்டேன்? "மே மாசம் இமயமலைக்கு ஸ்கீயிங் போறோம்" என்றேன். அவ்வளவுதான்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்த ஆசை எனக்கு வந்தது டி.வி.யால். தீபாவளி முடிந்த மறு ஞாயிறு. பனி மூடிய சரிவில் ஒரு பெண்மணி — சிவப்பு ஸ்வெட்டர், காலில் இரண்டு நீளப் பலகை, கையில் இரண்டு கம்பு — சர்ரென்று வழுக்கிக்கொண்டே வந்து நின்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள். காதோரம் நரை. என் வயதுதான் இருக்கும். எனக்கு நாற்பத்தொன்று.

"எனக்கு இது வேணும்" என்றேன்.

கணவரும் மகளும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மிக்ஸி கேட்டிருக்கிறேன். கேஸ் ஸ்டவ் கேட்டிருக்கிறேன். பால்கனிக்குக் கொடிக்கயிறு கேட்டுக் கேட்டு அலுத்திருக்கிறேன். அதெல்லாம் வீட்டுக்கு. எனக்கே எனக்கென்று ஒன்றைக் கேட்டு இவர்களுக்குப் பழக்கமில்லை. எனக்கும்தான்.

என் கணவருக்கு சனத்நகரில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. பிளானிங் டிபார்ட்மென்ட். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு இந்தியாவில் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் போய்வரப் பயணச் சலுகை உண்டு — எல்.டி.சி. எங்கள் குவார்ட்டர்ஸில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மே மாதம், சொந்த ஊர், திரும்பும் வழியில் திருப்பதி. நாங்களும் மூன்று தடவை கும்பகோணம் போய், சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் காய் நறுக்கிவிட்டு வந்திருக்கிறோம்.

இரண்டு நாள் கழித்து மனிதர் ஒரு மேப்போடு வந்தார்.

"அவுலி" என்றார். "கர்வால் மலையில ஜோஷிமட்டுக்கும் மேல. டெல்லி வரைக்கும் ரயில். ரிஷிகேஷ்லேருந்து ஒரு முழு நாள் பஸ். அப்புறம் ஜீப். ஜீப் நிக்கற இடத்துலேருந்து நடை. மே மாசம் போறோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டேன். இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டார்கள்.

பிளானிங் டிபார்ட்மென்ட் ஆசாமி பயணம் போனால் என்ன ஆகும்? சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் ஒரு சார்ட் ஏறும். வட்டம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு வட்டம் கோடு இழுத்து, ஒரு கோட்டை மட்டும் சிவப்புப் பென்சிலால் தடிமனாக்கியிருந்தார். "இதான் கிரிட்டிகல் பாத். இதுல எது தள்ளிப் போனாலும் மொத்த பிராஜெக்டும் தள்ளிப் போயிடும்." ஓரத்தில் ஆளுக்கொரு கட்டம். ஒவ்வொருவரின் லீவும் அதில் மாதவாரியாகக் குறிக்கப்படும்; லீவு கிடைக்காத மாதத்துக்குப் பெருக்கல் குறி.

கோட்டி கடைத்தெரு நடைபாதையில் திபெத்தியர்களிடம் ஸ்வெட்டர் வாங்கியது ஆறாவது வட்டம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சின்னக் குக்கர் — பதினொன்று. என் கால்களுக்குப் பயிற்சி, ஒன்பது. முழங்காலை மடக்கி, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். நான் அப்படி நின்றுகொண்டே பீன்ஸ் நறுக்கினேன். பத்தாவது படிக்கும் என் மகள் கடிகாரம் பார்த்துச் சொல்வாள். முதல் நாள் அரை நிமிஷம். ஒரு மாதத்தில் நான்கு நிமிஷம். கால் கிலோ பீன்ஸ்!

மலையிலிருக்கும் விடுதிக்குக் கடிதமும் போட்டார். டைப் அடித்து, மூன்று கேள்வி. மே மாதம் அறை கிடைக்குமா? வெந்நீர் உண்டா? சாப்பாடு வெஜிடேரியனா? மூன்றுக்கும் உண்டு என்று மரியாதையாகப் பதில் வந்தது. கூடவே ஒரு விண்ணப்பப் படிவமும், மடித்து வைத்த இந்தி நோட்டீஸ் ஒன்றும். நோட்டீஸை யாரும் பிரிக்கவில்லை. அதுதான் மூன்றுக்கும் பதில் வந்துவிட்டதே?

கடைசியாக, தடித்த கோட்டு இரவல் வாங்கத்தான் போலாரம் போனோம். ஏழுமலை என் கணவரோடு செகந்திராபாத்தில் ஒரே வகுப்பில் படித்தவர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலையில் இரண்டு குளிர்காலம் காவல் நின்றவர். சிரித்தவர் அவர்தான்.

"இன்னாம்மா நீ... மே மாசத்துல அங்க ஏது பனி? புல்லுதான் இருக்கும். ஆடு மேயும். பலகைய மாட்டிக்கினு ஆட்டு மேலயா வழுக்கப் போற?"

என் கணவர் டீயை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"டிசம்பர் கடைசில விழ ஆரம்பிச்சி, மார்ச்சி வரிக்கும் நிக்கும். அப்புறம் கரைஞ்சி கங்கையில தண்ணியாப் போயிடும். ஏன் சேகரு, நீ கேக்கவே இல்லியா?"

கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, லீவு செக்‌ஷன் கேட்கவில்லை. மலை என்றால் மே மாதம். ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும், வெயிலுக்குப் பயந்து ஓடும் இடம்தானே நமக்கு மலை? குளிரைத் தேடிக் குளிர்காலத்தில் போவார்கள் என்று எந்தத் தெற்கத்திக்காரருக்குத் தோன்றும்?

நாம் எல்லா விஷயத்திலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். கல்யாணம் என்றால் மண்டபம் கிடைத்ததா, சமையல்காரர் யார், நாதஸ்வரம் சொல்லியாச்சா... எல்லாம் கேட்போம். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்பதைக் கடைசியில், காரில் ஏறும்போது கேட்போம். அதுவும் கேட்டால் உண்டு.

திரும்பும்போது ஸ்கூட்டரில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்து வருவதில் அந்த ஒரு வசதி உண்டு.

வீட்டுக்கு வந்ததும் இந்தி நோட்டீஸை மகள் பிரித்துப் படித்தாள். ஸ்கீயிங் வகுப்புகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பிப்ரவரியில் பெண்களுக்குத் தனி வகுப்பு, தனித் தங்குமிடம்.

என் கணவர் ரப்பரை எடுத்துக்கொண்டு சார்ட் முன்னால் நின்றார். பிப்ரவரி. அவருடைய கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி — மார்ச் முடிவதற்குள் தொழிற்சாலை டார்கெட்டை எட்ட வேண்டும். அந்த மாதங்களில் பிளானிங் ஆட்களுக்குத் தலைவலி வரக்கூட அனுமதி கிடையாது. மகள் கட்டத்திலும் பெருக்கல் குறி. மார்ச்சில் பத்தாவது பரீட்சை.

"அடுத்த வருஷம் பாக்கலாம், வசந்தா" என்றார். ரப்பரைக் கீழே வைத்தார்.

அடுத்த வருஷமும் பிப்ரவரிக்குப் பின்னால் மார்ச்தானே வரும்? டார்கெட்டும் வரும், பரீட்சையும் வரும். இது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை மடிக்க ஆரம்பித்தேன்.

"மம்மியோட பாக்ஸ் காலியாத்தானே இருக்கு, நா?" என்றாள் மகள்.

இருந்தது. பிப்ரவரி, மார்ச், மே... எல்லாவற்றிலும் என் கட்டம் வெள்ளையாகத்தான் இருந்தது. எனக்கு லீவு என்று எதைக் குறிப்பார் அவர்?

"தனியாவா? நக்கோ நக்கோ, வேண்டவே வேண்டாம்" என்றார் என் கணவர். "ரிஷிகேஷ்லேருந்து அந்த பஸ் பாதை எப்படி இருக்கும் தெரியுமா?"

எனக்கும் பயம்தான். பொய் சொல்வானேன்? சேர்ந்தாற்போல ஒரு ராத்திரி நான் தனியாக ரயிலில் போனதில்லை. ஆனால் அந்தக் காலியான கட்டத்தைப் பார்க்கப் பார்க்க, பயத்தைவிட ஆசை ஒரு படி ஓங்கி நின்றது.

"தெரியாதுங்க" என்றேன். "போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

"கைக்கு டென்ஷன், டாடி? எதுக்குப் பயம்? ஏழுமலை அங்கிளை டெல்லி வரைக்கும் போகச் சொல்லலாம். அங்கேருந்து லேடீஸ் எல்லாம் குரூப்பாத்தான் போறாங்க. இதுல போட்டிருக்கு."

மனிதர் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து, வட்டம் வட்டமாக நகர்த்திக்கொண்டு போனார். நான் குக்கர் வைத்து, அது மூன்று விசிலும் அடித்து முடித்துவிட்டது.

"ஹவ், ஆமா..." என்றார் மெதுவாக. "பிராஜெக்ட் என்ன? வசந்தா ஸ்கீ பண்ணணும். அதுக்கு நான் வேணுமா? வேண்டாம். இவ வேணுமா? வேண்டாம். கிரிட்டிகல் பாத்ல இருக்கறது நீ ஒருத்திதான். நாங்க ரெண்டு பேரும் சும்மா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கோம்."

பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய காதல் வசனம் இதுதான். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் விசாரித்து வந்தார். ஊழியர் போகாவிட்டாலும் மனைவி மட்டும் போகலாமாம், எல்.டி.சி. விதியிலேயே இருக்கிறதாம். எங்கள் குவார்ட்டர்ஸில் இதுவரை யாரும் அந்த வரி வரைக்கும் படித்ததில்லை. சார்ட்டில் குக்கரையும் புளிக்காய்ச்சலையும் அவரே அடித்துவிட்டார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பூர்த்தி செய்தோம். பெயர், வயது, எடை. முன் அனுபவம் — இல்லை. கடைசிப் பத்தியில், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தயாராகக் குனிந்தார். கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு, மகளின் பிராக்ரஸ் ரிப்போர்ட்... இந்த வீட்டில் காகிதம் என்றால் அவர்தான் குனிவார்.

"அடைப்புக்குறிக்குள்ள என்ன போட்டிருக்கு, படிங்க" என்றேன்.

படித்தார். விண்ணப்பதாரர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயிருந்தால் மட்டும்.

சிரித்துவிட்டார். விண்ணப்பதாரர் கையெழுத்துக்கான கோட்டைக் காட்டி, பேனாவை என் பக்கம் நீட்டினார்.

இனி அவுலியில் நான் நின்றாலும் சரி, விழுந்தாலும் சரி... கையெழுத்து என்னுடையது.